மூன்றாம் படியில் மாடசாமியின் சிறைவாசம்

சென்னைக்குப் போனது எதற்காக என்று சொல்வதற்கு முன் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கௌரவம். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் 'ஜாதகப் புரட்சி' என்ற தலைப்பில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். பதினைந்து ரூபாய் வந்தது. அந்தப் பதினைந்து ரூபாய்க்காக ஒரு கிழவரின் பென்ஷனுக்கு உலை வைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கட்டுரையின் விஷயம் எங்கள் ஊர் ஆவுடைக்குறிச்சியில் வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. முப்பதுகளில் நெல் விலை பாதாளத்துக்கு இறங்கியது. சர்க்கார் கிஸ்தி மட்டும் இறங்கவில்லை. கிஸ்தி கட்டாதவன் தொழுவத்து மாட்டை ஜப்தி செய்ய ஆள் வந்துவிடும். மாட்டைக் காப்பாற்றுவதற்காகப் பெரியவீட்டு முதலாளியிடம் பத்திரம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குவார்கள். பிறகு பத்திரத்துக்காக நிலம் போகும். ஒருநாள் சாயங்காலம் ஐந்து பேர் பொறுக்க முடியாமல் பெரியவீட்டுக்குள் புகுந்து, பத்திரப் பெட்டியைத் தூக்கி வந்து நடுத்தெருவில் கொளுத்தினார்கள்.

ஐந்து பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. முதலாளி வருஷப் பிறப்பன்று புதுக் கணக்கு நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பூஜை செய்வதை வாசலில் நின்று பார்த்தவர்கள். ஆகவே மஞ்சள் தடவிய காகிதமெல்லாம் கடன் காகிதம் என்று தீர்மானித்துவிட்டார்கள். எரிந்தது முதலாளி வீட்டுப் பெண்கள் நான்கு பேரின் ஜாதகங்களும், அவர்களுக்காக வந்து குவிந்திருந்த மாப்பிள்ளை ஜாதகங்களும். கடன் பத்திரங்கள் பக்கத்துப் பெட்டியில் மஞ்சளும் குங்குமமும் இல்லாமல் விதவைக் கோலத்தில் சுகமாக இருந்தன. 'அன்றைக்கு எங்கள் ஊரில் செவ்வாய் தோஷம் அடியோடு ஒழிந்தது' என்று கட்டுரையை முடித்திருந்தேன். ரொம்பவும் ரசித்து முடித்த வரி.

ஐவரில் மிஞ்சியவர் மாடசாமி அண்ணாச்சி ஒருவர்தான். சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பென்ஷன் என்று சர்க்கார் அறிவித்ததும் யாரோ சொல்லி மனுப் போட்டார். மனு திரும்பி வந்தது. படித்துச் சொல்லும்படி, ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு ஆட்சேபணைகள். ஒன்று, ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். இவர் தண்டனை ஐந்து மாதம். இரண்டு, இது தேசப் போராட்டம்தானா, வெறும் திருட்டா? 'இணைப்பைக் காண்க.' இணைப்பைக் கண்டேன். குண்டூசியில் என் கட்டுரை தொங்கியது.

அதையும் படிக்கச் சொன்னார். படித்தேன். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சரியாகச் சிரித்தார். இருபது வருஷ எழுத்து வாழ்க்கையில் ஒரு வாசகர் என் எதிரில் சிரித்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லாத்தான் எழுதியிருக்கான். யாரு வாத்தியாரய்யா அது?"

"நான்தான் அண்ணாச்சி."

"அப்பம் நீங்களே மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு எங்களுக்காகப் பேசின வக்கீலய்யா அங்கதான் இருக்காராம்" என்றார்.

ஆட்சேபணைகளுக்கு ஜில்லா கலெக்டர் ஆபீஸில் பதில் கொடுக்கச் சனிக்கிழமை வரைதான் தவணை.

புதன்கிழமை. காலை எட்டு பத்துக்கு எழும்பூரில் இறங்கினோம். நானூறு மைலுக்கு மேல். மூன்றாம் வகுப்பில் தலைக்குப் பதினெட்டு ரூபாய்ச் சொச்சம். வழியெல்லாம் மாடசாமி தூங்கினார். நான் தூங்கவில்லை, என் பைக்குள் என் கட்டுரைத் தொகுப்பின் ஆறு பிரதிகள் இருந்தன, தலையணையாக அது சரிப்படவில்லை. பட்டணத்தில் பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறோம், ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று எடுத்துவந்தது. விற்றிருந்தால் எடுத்து வந்திருக்க மாட்டேன்.

மயிலாப்பூருக்கு பஸ், இருபது பைசா. குளத்தங்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் நாளுக்கு ஆறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. நவராத்திரி சமயம். மாடவீதிகளில் நடைபாதை முழுக்கப் பொம்மைகள். மாடசாமி ஒரு தலையாட்டிப் பொம்மையை லேசாகத் தட்டிவிட்டு, அது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுவதை நின்று பார்த்தார். "ஆபீஸ்ல இந்த மாதிரி ஒருத்தர் இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்!" என்றார்.

பத்து மணிக்கு வக்கீல் பஞ்சாபகேசன் வீடு. எழுபது தாண்டியவர். மெலிந்த உடம்பு, கனத்த குரல். அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் ஜூனியராக இருந்து, பிறகு சென்னைக்கு வந்து தொழில் நடத்தி ஓய்வு பெற்றவர். மாடசாமியைப் பார்த்ததும் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஆவுடைக்குறிச்சி கேஸ்! என்னோட முதல் கேஸ் ஓய்! அஞ்சு வருஷம் தீட்டியிருப்பான். அஞ்சே மாசத்துல முடிச்சுக் காட்டினேன். ஜட்ஜே சிரிச்சுட்டார். இன்னிக்கும் எங்காத்துல யார் வந்தாலும் அந்தக் கேஸைச் சொல்லிண்டுதான் இருப்பேன்."

"அந்த அஞ்சு மாசம்தான் சார் இப்போது சங்கடம்" என்றேன். விவரம் சொன்னேன். என் கட்டுரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அது பலிக்கவில்லை. "அந்த அபிஷ்டு நீர்தானா?" என்றார்.

பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "இத கேளும். இவாளுக்கு அரசியல்னா என்னன்னே தெரியாதுன்னுதான் நான் வாதாடினேன். கதர்னா துணியா, காய்கறியான்னு கேப்பான்னு சொன்னேன். எரிச்சது ஜாதகம், அதுக்கு அரையணா மதிப்பு கிடையாதுன்னு சொன்னேன். அதுலதான் ஜெயிச்சேன். இப்போ அதே கையால, இவர் பெரிய தேசபக்தர்னு சர்டிபிகேட் எழுதணுமாக்கும்? நன்னாயிருக்கு! என்னோட முதல் கேஸை நானே தோக்கணும்கறேள்."

மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி சொன்னார்: "அய்யா அன்னைக்குச் சொன்னது எங்களுக்காகச் சொன்ன பொய். இன்னைக்கு நெசத்தைச் சொல்லச் சொல்லுதேன். அம்புட்டுத்தான்."

"நிஜம் என்ன? யார் மேல கோபம் உமக்கு? பெரியவீட்டு முதலாளி மேலதானே?"

"கோவமெல்லாம் கிஸ்தி போட்டவன் மேலதான் அய்யா. அவன் வீடு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம்னாங்க. பெரியவீடு பக்கத்துத் தெருவுல இருந்துச்சு."

வக்கீல் என்னைப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தான்னா பத்து வருஷம் கிடைச்சிருக்கும்" என்றார். திரும்ப ஈஸிசேரில் சாய்ந்து காப்பி வரவழைத்தார். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் எங்கள் கட்சிதான்.

இரண்டு காகிதம் வேண்டும் என்றார். கடன் வாங்கியது கிஸ்திக்காகத்தான் என்று காட்ட அந்தப் பழைய பத்திரம். எதற்காகக் கடன் என்று பத்திரத்திலேயே எழுதுவது வழக்கம். அடுத்தது, கைதான தேதி. தீர்ப்புக்கு முன்னால் ரிமாண்டில் இருந்த நாளையும் சேர்த்தால் ஆறு மாதம் தாண்டும். ஆனால் தீர்ப்புக்கு முந்தைய நாட்கள் எந்த ரிஜிஸ்தரிலும் இப்போது இல்லை. "என் கேஸ் டைரியில இருக்கும். கூரை ஒழுகறதுன்னு பழைய புஸ்தகமெல்லாம் அடையார்ல பொண்ணாத்துக்கு அனுப்பிச்சுட்டேன். நாளைக்கு நானே அழைச்சுண்டு போறேன்."

அன்று பிற்பகல் மூன்று மணி. பெரியவீட்டு முதலாளியின் பேரன் சங்கரன் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பதாக ஊரிலேயே விசாரித்து வைத்திருந்தேன். ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, ஊருக்குப் புச்சா? பண்டிகைக்குத் துணி எடுக்கவா?" என்றார்.

"இல்லப்பா. கடன் பத்திரம் எடுக்க" என்றார் மாடசாமி.

"கடன் குட்த்தவன் வூட்டுக்கு நீயே ஆட்டோ புட்சிக்கினு போறியா? ஷோக்கா கீது பெர்சு! எங்க பேட்டைல கடன்காரன் வந்தா நாங்க பின்பக்கமா ஓடிக்கினு இருப்போம்." மீட்டர் இரண்டு ரூபாய் காட்டியது, இரண்டரை கேட்டார், அந்தப் பேச்சுக்கு அது தகும் என்று கொடுத்துவிட்டேன்.

கடையில் தீபாவளிக் கூட்டம் இப்போதே தொடங்கியிருந்தது. சங்கரனுக்கு நாற்பது வயதிருக்கும்; நெற்றியில் விபூதி, தோளில் அளவுகோல். நாங்கள் ஆவுடைக்குறிச்சி என்றதும் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். விஷயத்தை நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்க, மாடசாமி நேராகப் போட்டு உடைத்தார்: "உங்க தாத்தா வீட்டுக்குள்ள பூந்து ஜாதகத்தை எரிச்சவன் நான்தான் முதலாளி."

சங்கரன் தோளிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க பெரிய அத்தைக்கு அந்த வருஷமே ஜாதகம் பாக்காமக் கல்யாணம் பண்ணுனாக. நாலு அத்தையிலயும் அவதான் நல்லா இருக்கா" என்றார்.

பத்திரப் பெட்டி அவர் வீட்டு மாடியில் இருந்தது. கடையிலிருந்து இரண்டு தெரு. அரைமணி நேரம் தேடி எடுத்தார். முத்திரைத் தாளில் பழுப்பு மசி. 'சர்க்கார் கிஸ்தி செலுத்தும் வகைக்காக நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் நாற்பது' என்று சங்கரன் படித்தார். கீழே ஒரு பெருவிரல் ரேகை. மாடசாமி தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்ததில் விரலில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை, தாளில்தான் இருந்தது.

"இது இப்பம் எம்புட்டு ஆகியிருக்கும் முதலாளி?"

"காலாவதி ஆகி முப்பத்தஞ்சு வருஷமாச்சு பெரியவரே. வச்சுக்கிடுங்க. உங்களுக்கு வேணும்னா நானும் ஒரு கடுதாசி எழுதித் தாரேன், கிஸ்தி ஆத்திரத்துலதான் நடந்துச்சுன்னு. திருடன் பூந்த வீடுன்னு சொல்லுறதைவிடத் தியாகி பூந்த வீடுன்னா எங்களுக்கும் ஒரு மரியாதைதான?"

கடைக்குத் திரும்பி, சொன்னபடி கடுதாசியும் எழுதித் தந்தார். நான் என் கட்டுரைத் தொகுப்பில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி, பில் புத்தகத்தின் மேல் பாரமாக வைத்தார். காற்றாடி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடசாமி கடையில் ஒரு துண்டு வாங்கினார். இரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா. சங்கரன் பணம் வேண்டாம் என்றார். "அந்த வீட்டுல இன்னொரு பாக்கி வைக்க முடியாது" என்று சொல்லி, மடியிலிருந்து எடுத்து எண்ணி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பத்திரத்தை அந்தத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. வக்கீலும் எங்களுடன் வர, டாக்ஸியில் அடையாறு. மூன்று மைல்தான், ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் கடல்காற்று முகத்தில் அடித்தது. ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாளைக் காலை ஊர் போய்ச் சேர்ந்தால்தான் சனிக்கிழமை பதில் கொடுக்க முடியும்.

காந்தி நகரில் வேப்பமரம் நிற்கும் வீடு. வக்கீலின் மகள் கமலா, நாற்பது வயது, பட்டுப்புடவையில் வாசலுக்கு வந்தார். கூடத்தில் ஏழு படிக் கொலு. பழைய டைரிகள் எங்கே என்று அப்பா கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, அதெல்லாம் கொலுவுக்குள்ள இருக்கு."

கொலுப்படி என்பது வெள்ளை வேஷ்டிக்கு மேலே வைகுண்டம். வேஷ்டிக்குக் கீழே வீட்டின் பழைய சாமான் கடை. டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டின், அரிசி டின், உயரம் போதாத இடத்தில் புத்தகங்கள். டைரி மூன்றாம் படிப் பலகையின் இடது முனைக்கு முட்டுக் கொடுத்திருந்தது. பலகையின் மேல் தசாவதாரம்.

"விஜயதசமி ஆகி, பொம்மையைப் படுக்க வச்சு, மறுநாள்தான் படியைக் கலைக்கலாம். நடுவுல தொடப்படாது. அம்மா இருந்தா விடுவாளா?" என்றார் கமலா.

"சனிக்கிழமைக்குள்ள போகணும்டி. ஒரு மனுஷனோட ஆயுசு பென்ஷன்."

"நான் வேண்டாம்னா சொல்றேன்? பத்து அவதாரமும் ஒரேயடியா உருண்டா நான் என்ன பண்ணுவேன்?"

வக்கீல் வாதாடினார். மகள் வக்கீலின் மகள், மசியவில்லை. நான் ஏதோ நகைச்சுவையாகச் சொன்னேன். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததில் நிறுத்திக்கொண்டேன். மாடசாமி மட்டும் கொலுவைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து, வேஷ்டியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கலைக்க வேண்டாம். மண்வீட்டுல உத்தரத்தை மாத்தறப்பம் கூரையைக் கலைச்சா மாத்துதோம்? தோளைக் கொடுத்து நிக்கணும், பழசை உருவிட்டுப் புதுசைச் சொருகணும். ஒரு மயிரிழை ஆடாது. அதே உயரத்துக்கு வேற ஒண்ணு இருந்தாப் போதும்."

கமலா யோசித்தார். வாசலில் சுண்டலுக்கு ஒரு கூட்டம் வந்து நின்றது. "சரி. ஆனா சாமி அசையப்படாது" என்றார்.

அறுபத்தைந்து வயது மனிதர் புதுத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கொலுவுக்குள் ஊர்ந்து போனார். அவர் தோள் பலகையில் பொருந்துவது தெரிந்தது. மச்சாவதாரம் லேசாக வாலை ஆட்டியது, அவ்வளவுதான். "உருவுங்கம்மா" என்று வேஷ்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. கமலா டைரியை உருவினார். காலி இடத்துக்கு வீட்டில் எந்தப் புத்தகமும் அளவு சேரவில்லை. பஞ்சாங்கம் மெலிசு, அகராதி தடிமன். நான் மௌனமாகப் பையைத் திறந்து என் கட்டுரைத் தொகுப்பைக் கொடுத்தேன்.

செருகிப் பார்த்தார்கள். "போதலை, இன்னொண்ணு கொடுங்க" என்றார் மாடசாமி, மூச்சுப் பிடித்தபடி.

இன்னொன்று கொடுத்தேன். பலகை அங்குலம் பிசகாமல் உட்கார்ந்தது. என் எழுத்து பத்து அவதாரங்களைத் தாங்கி நிற்பதை நான் கைகட்டி நின்று பார்த்தேன்.

டைரியில் எல்லாம் இருந்தது. கைதான நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை ஐம்பத்திரண்டு நாள் ரிமாண்ட். வக்கீல் அங்கேயே உட்கார்ந்து சர்டிபிகேட் எழுதினார். கோர்ட்டில் தான் சொன்னது கட்சிக்காரரைக் காப்பாற்றச் சொன்னது என்றும், கலகம் சர்க்காரின் கிஸ்தியை எதிர்த்தே நடந்தது என்றும் எழுதிவிட்டு, தன்னுடைய வாதம் மட்டும் இல்லையென்றால் தண்டனை ஐந்து வருஷத்துக்குக் குறைந்திருக்காது என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு கடிதம் எழுதினேன்: 'மேற்படி கட்டுரையில் சிரிப்பு வரும் இடங்கள் என்னுடையவை. மற்றவை நடந்தவை.'

கொலுவுக்கு வந்தவர்கள் பாட வேண்டும் என்பது வழக்கமாம். கமலா எங்களையும் விடவில்லை. மாடசாமி, கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது பாடும் பாட்டு ஒன்றைப் பாடினார். மேலே வந்த தண்ணீர்ச் சால் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டு. நாற்பதாவது சாலில் எல்லோரும் கைதட்டி நிறுத்தினார்கள். ஆளுக்கொரு பொட்டலம் கடலைச் சுண்டல் கிடைத்தது. தேங்காய் நிறையப் போட்டிருந்தார்கள்.

ஏழே கால் மணி ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வண்டி தாம்பரம் தாண்டும்வரை நான் ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் எங்களுடைய கலகத்துக்கு ஓர் அடையாளமும் கிடையாது. பெரியவீடு இடிந்து அந்த இடத்தில் ரேஷன் கடை இருக்கிறது. அந்தக் கலகம் மயிலாப்பூரில் ஒருவர் பெருமையிலும், தியாகராய நகரில் ஒரு பெட்டியிலும், அடையாற்றில் மூன்றாம் படியிலும் பத்திரமாக இருந்தது. ஊரில் இருந்ததெல்லாம் என் கட்டுரை ஒன்றுதான். அதுவும் குண்டூசியில். எதிர் இருக்கையில் மாடசாமி சுண்டலைத் தின்று முடித்து, பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். எழுத்து இருக்கும் காகிதத்தை இப்போதெல்லாம் அவர் எறிவதில்லையாம்.

தை பிறந்து நாலாம் நாள் பென்ஷன் உத்தரவு வந்தது. செய்தி கேட்டு நான் டீக்கடைக்குப் போனபோது அங்கே அவரைச் சுற்றிக் கூட்டம். "எப்படி அண்ணாச்சி கிடைச்சுது?" என்று யாரோ கேட்டார்கள். "எல்லாம் நம்ம வாத்தியாரய்யா எழுதுன புஸ்தகத்தாலதான்" என்றார் மாடசாமி. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன்.

"அப்படியா! எப்படி இருக்கும் அந்தப் புஸ்தகம்?"

"கனம் காணாது. ரெண்டு வைக்க வேண்டியிருந்துச்சு."